அப்பாவின் நடுங்கும் கையொப்பமும் பீரோவில் இருக்கும் மூன்று தாள்களும்

பெயரும் ஊரும் வெளியே வரக்கூடாது என்ற வேண்டுகோளுடன் ஒரு வாசகி ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். சாரம் இதுதான்.

அவருடைய அப்பாவுக்கு 2021-இல் பக்கவாதம் வந்து வலது கை பலவீனமானது. பயிற்சியால் ஓரளவு தேறி, மெதுவாகக் கையொப்பம் போடும் அளவுக்கு வந்தார். 2024-இல் காலமானார். மறு வருடம், அப்பாவுக்குத் தொழில் வழியில் பல வருடம் பழகிய ஒருவர், 2023 மார்ச் தேதியிட்ட புரோநோட்டைக் காட்டி, எட்டு லட்சமும் வட்டியும் கேட்டு வாசகி, அவருடைய அம்மா, தம்பி ஆகிய மூவர் மீதும் சிவில் வழக்குப் போட்டிருக்கிறார். "இப்படி ஒரு கடனைப் பற்றி அப்பா வாய் திறந்ததே இல்லை. கையொப்பம் போலி" என்பது குடும்பத்தின் பதில். எதிருரையிலும் அப்படியே தாக்கல் செய்தாகிவிட்டது.

கையெழுத்து நிபுணருக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று வக்கீல் சொல்ல, தம்பி ஒரு தனியார் நிபுணரைத் தேடிப் பிடித்தார். புரோநோட்டு நகலின் போட்டோவையும் 2015-ஆம் வருடக் காசோலை ஒன்றின் போட்டோவையும் வாட்ஸ்அப்பில் பார்த்த அவர், "பார்த்தாலே தெரியுதே, போலிதான். ரிப்போர்ட் கொடுத்துடலாம்" என்றாராம். கட்டணத்தில் பாதி இப்போது, மீதி வழக்கு ஜெயித்த பிறகு.

கடைசிப் பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. அம்மாவின் பீரோவில் அப்பா நோய்க்குப் பிறகு கையொப்பமிட்ட மூன்று தாள்கள் கிடைத்திருக்கின்றன: 2022-இல் போட்ட ஒரு வாடகை ஒப்பந்தம், பேரனுக்காக எழுதிக் கொடுக்காமலே விட்ட ஒரு விடுப்புக் கடிதம், கையொப்பமிட்டு அப்புறம் குறுக்கே கோடு போட்ட ஒரு காசோலை. "ஐயா, மூன்றும் புரோநோட்டில் இருக்கும் கையொப்பம் மாதிரியே இருக்கின்றன. எரித்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. இவற்றை நிபுணரிடம் காட்டினால் நாங்கள் தோற்றுவிடுவோமா? மையின் வயதைப் பார்த்தே உண்மையைக் கண்டுபிடிக்க முடியாதா?" என்று முடிக்கிறார்.

சகோதரி, நான் அரசுத் தடயவியல் ஆய்வகத்தின் ஆவணப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வழக்கை எப்படி நடத்துவது என்பதை உங்கள் வக்கீல்தான் சொல்லவேண்டும். தாளும் மையும் என்ன சொல்லும், நிபுணர் என்ன செய்வார், அவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நான் சொல்கிறேன். கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அதுதான்.

எரிக்க வேண்டாம்

தம்பியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கேட்கப்படக்கூடிய ஆவணத்தை, அப்படிக் கேட்டுவிடக்கூடாது என்பதற்காகவே அழிப்பது குற்றம். எரிப்பதால் பயனும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தின் இன்னொரு பிரதி குடியிருந்தவரிடம் இருக்கும். அப்பா வங்கிக்குப் போய்ப் பணம் எடுத்திருந்தால் வங்கியில் சீட்டு இருக்கும். எதிர்த்தரப்பு மனுப் போட்டால் நீதிமன்றம் அவற்றை வரவழைக்கும். அன்றைக்கு, உங்களிடம் இருந்த தாள் எங்கே போனது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்தான்.

இது சட்டத்தின் கணக்கு. அறிவியலின் கணக்கு இதைவிட முக்கியமானது. நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பதும் இங்கேதான்.

2015 காசோலையோடு 2023 புரோநோட்டை ஒப்பிட்டு 'வித்தியாசம் இருக்கிறது, ஆகவே போலி' என்று யாராவது சொன்னால் அது ஒப்பீடே இல்லை. இடையில் ஒரு பக்கவாதம் வந்திருக்கிறது. எழுதும் கை பலவீனமானவருக்குக் கோடு நடுங்கும், எழுத்து பெரிதாகும் அல்லது சிதறும், சேர்த்து எழுதியது தனித்தனியாகும், வரி சாயும். அந்தக் காசோலையோடு ஒப்பிட்டால் வாடகை ஒப்பந்தத்தில் அப்பாவே போட்ட கையொப்பமும் 'போலி'யாகத்தான் தெரியும்! எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரே கேள்வி போதும்: "2021-இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது உங்களுக்குத் தெரியுமா? அதற்குப் பிறகு அவர் போட்ட கையொப்பம் ஒன்றையாவது பார்த்தீர்களா?" இல்லை என்று நிபுணர் சொன்ன மறு நிமிடம் அந்த அறிக்கை வெறும் காகிதம்.

இது எனக்கே நடந்தது. சர்வீஸில் சேர்ந்த புதிதில், வயதான ஒருவரின் கையொப்பத்தைக் கொடுத்த மூன்றே மூன்று மாதிரிகளோடு ஒப்பிட்டு, கொஞ்சம் அழுத்தமாகவே கருத்து எழுதிவிட்டேன். குறுக்கு விசாரணையில், அதே வருடம் அவர் கையொப்பமிட்ட ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார்கள். 'போலி'க்கு அடையாளம் என்று நான் எழுதிய எல்லாமே அதில் வரிசையாக இருந்தன. அன்றிலிருந்து ஒரு கட்டு என் மேஜைக்கு வந்தால், சர்ச்சைக்குரிய தாளைப் பிரிப்பதற்கு முன்னால் மாதிரிகளின் தேதிகளைத்தான் பார்ப்பேன்.

'மாதிரியே இருக்கிறது' என்றால் என்ன?

மூன்று தாள்களும் புரோநோட்டு மாதிரியே இருப்பதால் தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிறீர்கள். பார்வைக்கு ஒத்திருப்பது மட்டும் எதையும் முடிவு செய்யாது. அப்பாவே போட்டிருந்தாலும் ஒத்திருக்கும். அவர் கையொப்பத்தைப் பார்த்து ஒருவன் வரைந்திருந்தாலும் ஒத்திருக்கும். போலி செய்பவன் உருவத்தைத்தானே பார்த்து எழுதுகிறான்? உருவத்தைத் திருடிவிடலாம். கை ஓடிய விதத்தைத் திருடுவது கஷ்டம்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் பந்துமுனைப் பேனாவின் கோடு ஒரு வாய்க்கால் மாதிரி தெரியும். பேனா வளைவில் திரும்பியதும், திரும்பிய இடத்தைத் தாண்டிச் சின்னதாக மைத்திட்டு விழுந்திருக்கும். கோடு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்பதை அந்தத் திட்டு காட்டிக்கொடுத்துவிடும். 'ரா' போட்டுவிட்டு அடுத்த எழுத்துக்குப் போகும்போது உங்கள் அப்பா பேனாவைத் தூக்குவாரா, இழுத்துக்கொண்டே போவாரா? சுழியை உள்ளிருந்து தொடங்குவாரா, வெளியிலிருந்தா? நாற்பது வருடப் பழக்கம் இது. பக்கவாதம் கோட்டை நடுங்க வைக்கும். ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, இன்ஷியலுக்கும் பெயருக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது போன்ற பழக்கங்களில் பலவும் அந்த நடுக்கத்துக்குள்ளேயும் மிச்சமிருக்கும்.

நடுக்கத்திலும் இரண்டு ஜாதி உண்டு. நோயாளியின் நடுக்கம் ஒழுங்கில்லாதது. கோணலாகப் போகும், ஒரு கோடு சேரவேண்டிய இடத்தில் சேராமல் நிற்கும். அவர் அதைப் பற்றிக் கவலைப்படமாட்டார். திரும்பிப் போய்த் திருத்தவும் மாட்டார், அது அவருடைய கையொப்பம்தானே. பார்த்து வரைபவனுடைய நடுக்கம் வேறு மாதிரி. பயத்தினாலும் மெதுவாகப் போவதாலும் வருவது அது. சுலபமான நேர்க்கோட்டில்கூட ஒரே சீராக இருக்கும். அழுத்தம் ஏறி இறங்காது. கோட்டின் தொடக்கமும் முடிவும் மொண்ணையாக இருக்கும். பாதியில் நிறுத்திப் பார்த்துவிட்டுத் தொடர்ந்த இடங்களில் ஒட்டுப் போட்டது தெரியும். விட்ட இடைவெளியைத் திரும்ப வந்து நிரப்பியிருப்பான். இந்தக் கடைசி அடையாளம் அசல் நோயாளியிடம் அபூர்வம்.

சரி, நடுங்கும் கையொப்பத்தைப் போலி செய்வது சுலபமா? ஒரு வகையில் ஆமாம், ஏனென்றால் போலி செய்பவனின் தடுமாற்றம் நோயாளியின் தடுமாற்றத்துக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் இந்த மாதிரி வழக்குகளில் நேர்மையான நிபுணர் பல சமயம் 'திட்டவட்டமாகச் சொல்ல இயலவில்லை' என்று எழுதுவார். அதுவும் ஒரு முடிவுதான். அவருக்குத் திறமை இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு விஷயம். போகிற போக்கில், அந்த வாடகை ஒப்பந்தத்தில் சாட்சிக் கையொப்பம் போட்டிருப்பவரே இந்த வாதிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் வக்கீலிடம் தனியாகச் சொல்லுங்கள். வாதியிடம் அதன் நகல் இருந்தால், பார்த்து எழுதவோ ஒற்றி எடுக்கவோ ஒரு மூலம் அவர் கையில் இருந்தது என்று ஆகிறது. இது மட்டுமே குற்றத்துக்கு ஆதாரமாகாது. ஆனால் சோதித்துப் பார்க்கவேண்டிய கேள்வி. யாருமே ஒரே கையொப்பத்தை இரண்டு தடவை அச்சடித்த மாதிரி போடுவதில்லை. நடுங்கும் கை போடவே போடாது. புரோநோட்டுக் கையொப்பத்தை ஒப்பந்தத்தின் மேல் பொருத்தினால் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்துவிட்டால், அந்த ஒற்றுமையே சந்தேகத்துக்குக் காரணம். அமெரிக்காவில் 1868-இல் முடிந்த ஹவ்லண்ட் உயில் வழக்கு இந்த விஷயத்தில் புகழ்பெற்றது. கணிதப் பேராசிரியர் பெஞ்சமின் பியர்ஸ், உயில் எழுதிய அம்மாளின் 42 கையொப்பங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உயிலிலும் சர்ச்சைக்குரிய தாளிலும் மேலிருந்து கீழே இழுத்த 30 கோடுகளும் அப்படியே பொருந்துவது இயற்கையில் நடக்காத காரியம் என்று சாட்சி சொன்னார். அவர் போட்ட நிகழ்தகவுக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். வழக்கும் கடைசியில் வேறு சட்டக் காரணத்தில் முடிந்தது. ஆனால் 'அதிகப்படியான ஒற்றுமை ஆபத்து' என்ற பாடம் எங்கள் தொழிலில் நிலைத்துவிட்டது.

ஆக, அந்த மூன்று தாள்கள் இல்லாமல் உங்கள் வழக்கே இல்லை. கையொப்பம் போலியாக இருந்தால் அதைப் போலி என்று காட்டப்போவது அவைதான். அப்பாவே போட்டதாக இருந்தால், செலவும் வருடங்களும் போவதற்கு முன்னால் அதையும் அவையே உங்களுக்குச் சொல்லிவிடும். இந்த இரண்டாவது வாய்ப்பையும் மனசில் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லாமல் கடன் வாங்கிய அப்பாக்கள் பலரை என் மேஜையில் பார்த்திருக்கிறேன்.

போனில் வாக்குக் கொடுத்தவர்

அவரை விட்டுவிடுங்கள். திறமைசாலியாகவே இருக்கட்டும், அசலைப் பார்க்காமல் முடிவு சொன்னவர் உங்களுக்கு உதவமாட்டார். வாட்ஸ்அப் படத்தில் அழுத்தம் தெரியாது, கோட்டின் ஓரம் தெரியாது, பேனா தூக்கிய இடம் தெரியாது. ஜெயித்தால் மீதிப் பணம் என்ற ஏற்பாடு அதைவிட மோசம். நீங்கள் ஜெயிப்பதில் அவருக்குப் பங்கு இருக்கிறது என்று கூண்டில் ஒரு வரி வெளிவந்தால், அவர் சொன்ன சரியான விஷயங்களும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

நிபுணர் 'நம்ம சைடு' என்பது வக்கீல் அலுவலகங்களிலேயே புழங்கும் பேச்சுதான். தப்பான பேச்சு. வக்கீல் உங்களுக்காக வாதாடலாம், அது அவர் தொழில். நிபுணருக்குக் கூலி கொடுப்பது நீங்களாக இருக்கலாம், ஆனால் அவர் கருத்துச் சொல்வது நீதிமன்றத்துக்கு. முடிவை முதலில் வைத்துக்கொண்டு காரணத்தைப் பிறகு தேடினால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு டிரைஃபஸ் வழக்கு உதாரணம். பிரான்சில் 1894-இல் ராணுவ ரகசியத்தை விற்றதாக ஒரு அதிகாரியைப் பிடித்தார்கள். ஆளை அளந்து அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்த பெர்டியோன், கையெழுத்தில் தேர்ச்சி இல்லாமலே கருத்துச் சொல்ல வந்தார். கடிதத்தின் எழுத்து டிரைஃபஸின் எழுத்தோடு ஒத்துப்போகிற இடங்கள் அவர் எழுதியதற்கு ஆதாரம். ஒத்துப்போகாத இடங்களோ, அவர் வேண்டுமென்றே தன் எழுத்தை மாற்றிக்கொண்டதற்கு ஆதாரம்! அந்த மனிதர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வர 1906 ஆனது.

வக்கீல்களுக்குப் பார் கவுன்சில் இருக்கிற மாதிரி தனியார் கையெழுத்து நிபுணர்களுக்கு நம் நாட்டில் ஓர் அமைப்பு கிடையாது. பாரதிய சாக்ஷ்ய அதினியம் 39-ஆம் பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தின் 45) 'தனித் தேர்ச்சி பெற்றவர்' என்றுதான் சொல்கிறது. தேர்ச்சி உண்டா என்று நீதிமன்றம் கூண்டில் வைத்துத்தான் பார்க்கும். அதற்கு முன்னால் நீங்களே பாருங்கள். எங்கே பயிற்சி எடுத்தார்? ஆவணப் பரிசோதனையில் எடுத்தாரா, எல்லாத் தடயத்துக்கும் ஒருவரே என்று போர்டு வைத்திருக்கிறாரா? தன்னிடம் வந்தவருக்கு எதிராக எத்தனை முறை அறிக்கை கொடுத்திருக்கிறார்? இந்தக் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்பவரை நம்பலாம். குணத்தை எழுத்திலிருந்து படிக்கிற கிராஃபாலஜிக்காரர் வேறு, ஆவணப் பரிசோதகர் வேறு; விசிட்டிங் கார்டில் இரண்டும் சேர்ந்திருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். கட்டணம் முடிவைப் பொறுத்ததாக இருக்கக்கூடாது. ரசீது வாங்குங்கள்.

எந்த வழியில் போவது?

உங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. வக்கீல் மூலம் இடைக்கால மனுப் போட்டு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 26 விதி 10ஏ-யின்படி புரோநோட்டையும் மாதிரிகளையும் அறிவியல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வது ஒன்று. பொதுவாக அரசு ஆய்வகத்துக்குப் போகும். காலம் பிடிக்கும். ஆனால் 'காசு வாங்கிக்கொண்டு எழுதினார்' என்ற பேச்சு அங்கே எழாது. இதில் ஆபத்து என்னவென்றால், பதில் உங்களுக்கு எதிராக வந்தாலும் அது நீதிமன்றக் கோப்பில் உட்கார்ந்துவிடும். திரும்ப எடுக்க முடியாது.

இன்னொன்று, நீங்களே ஒரு நிபுணரை அமர்த்துவது. நீதிமன்ற அனுமதியோடு, அலுவலர் முன்னிலையில் அசலைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு வந்து அவர் கருத்துச் சொல்வார். அந்தக் கருத்து சாதகமாக இல்லை என்றால் அதைத் தாக்கல் செய்துதான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. தாக்கல் செய்தால், அறிக்கை மட்டும் போதாது. அவர் கூண்டில் ஏறி, எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்லிக் குறுக்கு விசாரணைக்கு நிற்கவேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் இந்த இரண்டாவது வழியில் ஓர் ஆரம்பக் கருத்தை, மூன்று தாள்களையும் கொடுத்து, கேட்டுக்கொள்ளுங்கள். 'இது போலியா' என்று கேட்காமல் 'இதை இவர் எழுதியிருக்க வாய்ப்பு எவ்வளவு' என்று கேளுங்கள். கதையைச் சொல்லாதீர்கள். வாதி எப்படிப்பட்டவர், அப்பா எவ்வளவு நல்லவர் என்பதெல்லாம் நிபுணரின் காதில் விழவே கூடாது. நோயைப் பற்றி மட்டும், தேதியோடு சொல்லவேண்டும். அந்தக் கருத்து தெம்பு கொடுத்தால் நீதிமன்றம் வழியாக அனுப்பக் கேளுங்கள். ரொம்பத் தள்ளிப்போட வேண்டாம். விசாரணை முடியும் நேரத்தில் போடுகிற மனுவை இழுத்தடிக்கும் உத்தியாகவே நீதிபதிகள் பார்ப்பார்கள்.

அப்புறம், எவ்வளவு நல்ல அறிக்கையும் தீர்ப்பு ஆகிவிடாது. நிபுணர் கருத்தை வேறு சாட்சியம் தாங்கினால்தான் ஏற்கவேண்டும் என்ற கட்டாய விதி எதுவும் கிடையாது, ஆனால் எச்சரிக்கையோடு அணுகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் முராரிலால் வழக்கில் சொன்னது. சாக்ஷ்ய அதினியத்தின் 72-ஆம் பிரிவின் கீழ் நீதிபதி தானே கையொப்பங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் அவரே நிபுணர் வேடம் போடத் தயங்கவேண்டும் என்பது 1979-ஆம் வருட பாலிராம் தீர்ப்பு. அதே சட்டத்தின் 41-ஆம் பிரிவு உங்களுக்கு உபயோகப்படலாம்: அப்பாவின் கையெழுத்தோடு நன்கு பழகியவர்கள், உதாரணமாக அவர் பல வருடம் போய்வந்த வங்கியின் அலுவலர், அதைப் பற்றிச் சாட்சி சொல்ல முடியும். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் போட்டதைப் பார்த்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

மையின் வயது

இதில்தான் வாசகர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சினிமாவில் ஒரு சொட்டு விட்டதும் 'இது ஆறு மாதத்துக்கு முன் எழுதியது' என்று சொல்லிவிடுவார்கள். நிஜத்தில், பந்துமுனைப் பேனா மையில் இருக்கும் கரைப்பான் ஆவியாகிற வேகத்தை அளக்கும் முறைகள் உண்டு. ஆனால் தாளைச் சின்னதாக வெட்டி எடுக்கவேண்டும். அது எந்தச் சூட்டில், எந்த ஈரத்தில், பையிலா பீரோவிலா இருந்தது என்பதைப் பொறுத்து விடை மாறும். முதல் சில மாதங்களில் வேகமாக நடக்கிற இந்த மாற்றம் பிறகு மந்தமாகிவிடும். 2023-இல் எழுதியதா 2024-இல் எழுதியதா என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்லக் கேட்பது, ஆறிப்போன காப்பியைத் தொட்டுப் பார்த்து எத்தனை மணிக்குப் போட்டது என்று கேட்கிற மாதிரி. மையின் வயதைச் சொல்லும் வசதி இங்கே இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2010-இலேயே பதிவு செய்திருக்கிறது. இதற்காக ஒரு தனி மனுப் போட்டு நாளை வீணாக்காதீர்கள்.

தேதியை வேறு வழியில் பிடிக்க முடியும். அச்சிட்ட புரோநோட்டுப் படிவமாக இருந்தால் அந்தப் படிவம் எப்போது அச்சானது, அதில் இருக்கும் எழுத்துரு அப்போது உண்டா என்று பார்க்கலாம். பாகிஸ்தானில் 2017-இல், 2006 தேதியிட்ட ஒரு ஆவணம் கலிப்ரி எழுத்துருவில் இருந்தது பெரிய விவகாரமானது. அந்த எழுத்துரு பொதுவில் விற்பனைக்கு வந்ததே 2007-இல்தான். கையொப்பம் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் ஏறியிருக்கும் இடத்தில் கோடு ஸ்டாம்பையும் தாளையும் தொடர்ச்சியாகக் கடந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் வைத்தால், மேலே இருந்த வேறொரு தாளில் எழுதியதின் தடம் புரோநோட்டில் பதிந்திருப்பதும் தெரியலாம். ஒற்றி எடுத்திருந்தால் மை இல்லாத பள்ளமோ பென்சில் தடமோ கிடைக்கலாம். இவையெல்லாம் சுலபமான, தாளைச் சேதப்படுத்தாத சோதனைகள். அசலை நேரில் பார்க்க அனுமதி வாங்குவதே இதற்கெல்லாம் முதல் படி.

"உள்ளே நிரப்பியிருப்பது அப்பாவின் எழுத்தே இல்லை, அது போதாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதாது. புரோநோட்டைப் பெரும்பாலும் வேறு யாராவதுதான் நிரப்புவார்கள். முத்திரையிட்ட வெற்றுத் தாளில் கையொப்பம் போட்டுக் கொடுத்திருந்தாலும், அதை நிரப்பிக்கொள்ள வாங்கியவருக்கு அதிகாரம் கொடுத்ததாகவே மாற்றுமுறை ஆவணச் சட்டம் 20-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. கையொப்பம் அப்பாவுடையது என்று நிரூபணமாகிவிட்டால், பணம் கைமாறியது என்ற அனுமானமும் 118-ஆம் பிரிவின்படி வாதி பக்கம் போய்விடும். அதை உடைக்கிற வேலை அப்புறம் உங்களுடையது. அதே நேரம், கையொப்பம் அப்பாவுடையதுதான் என்று முதலில் நிரூபிக்கவேண்டியவர் வாதி. இதை மறந்துவிட்டு, போலி என்று நிரூபிக்கும் பாரம் முழுதும் உங்கள் தலைமேல்தான் இருக்கிறது என்று நினைத்து அலைந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆரம்பக் கருத்து 'அப்பாவே போட்டிருக்க வாய்ப்பு அதிகம்' என்று வந்தால், வக்கீலோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்த நிலையில் 'போலி' என்ற வாதத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பது மற்ற வாதங்களையும் கெடுக்கும். எட்டு லட்சம் உண்மையில் கொடுக்கப்பட்டதா, வாதியின் கையில் அன்றைக்கு அவ்வளவு பணம் இருந்ததா என்பது தனிக் கேள்வி. சமரசத்துக்கும் இடம் உண்டு. இன்னொன்று, உங்கள் கடிதத்தில் "எங்கள் சம்பளத்தையெல்லாம் ஜப்தி செய்துவிடுவார்களா" என்று ஒரு வரி இருந்தது. அப்பாவின் கடனுக்கு வாரிசுகளின் பொறுப்பு, அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்துக்கு அது வராது. இதையாவது அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்யவேண்டியது

மூன்று மாதிரி போதாது. 2021-இன் பிற்பகுதியிலிருந்து 2024 வரை பத்துப் பதினைந்தாவது தேடிப் பிடியுங்கள். 2023 மார்ச்சுக்கு முன்னும் பின்னும் சில மாதங்களுக்குள் இருந்தால் ரொம்ப நல்லது. வங்கியில் பணம் எடுத்த சீட்டுகள், மருத்துவமனைச் சம்மதப் படிவங்கள், காப்பீட்டு விண்ணப்பங்கள், பத்திரப் பதிவு ஏதாவது நடந்திருந்தால் அது. லாக்கர் இருந்தால் அதன் வருகைப் பதிவேடு தங்கம். ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் போட்டுக் கையொப்பம் வாங்கியிருப்பார்கள். யாரும் அதை ஒரு வழக்குக்காக ஜோடித்திருக்க முடியாது. வங்கிகள் பழைய சீட்டுகளை என்றென்றைக்கும் வைத்திருக்கமாட்டார்கள். ஆகவே அவற்றைப் பாதுகாத்து வைக்கும்படி வங்கிக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதிவிட்டு, சம்மன் மூலம் வரவழைக்க வக்கீலிடம் சொல்லுங்கள். 2021-க்கு முந்தையவற்றையும் ஐந்தாறு சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பழக்கத்தில் எது மிஞ்சியது, எது போனது என்று பார்க்க அவை வேண்டும். நோயின் தேதி, எந்தக் கை, எந்த அளவுக்குப் பாதித்தது என்பதற்கு டிஸ்சார்ஜ் சம்மரியும் பிசியோதெரபிக் குறிப்புகளும் எடுத்து வையுங்கள்.

பீரோவில் இருக்கும் மூன்று தாள்களையும் தனித்தனிக் காகிதக் கவர்களில் போடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும். புதிதாக மடிக்காதீர்கள், பின் குத்தாதீர்கள், 'இந்த இடத்தைப் பாருங்கள்' என்று பென்சிலால் வட்டமும் போடாதீர்கள். கவரின் மேல் விவரம் எழுதுவதாக இருந்தால் தாளை உள்ளே வைப்பதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் உங்கள் பேனாவின் தடம் அப்பாவின் கையொப்பத்தின் மேல் பதிந்துவிடும்.